பத்து ரூபாய் அட்டையும் வராத பரிசும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பரிசுப் போட்டிகளுக்குத் தபாலில் விடை அனுப்புவதில் பிரயோஜனம் உண்டா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரமாக வாக்குவாதம். அனுப்புகிறவர் என் மாமனார். கணக்குப் பார்க்கிறவள் நான்.

சாதாரண போஸ்ட் கார்டு 50 பைசாதான், ஆனால் போட்டிக்கென்று தபால் துறை தனி அட்டை வைத்திருக்கிறது, அது 10 ரூபாய். தூர்தர்ஷனில் சுரபி என்ற கலாசார நிகழ்ச்சி ஓடிய காலத்தில், அதில் கேட்கும் கேள்விக்கு விடையாக ஒரே வாரத்தில் 14 லட்சம் கடிதம் வந்து குவிந்து, தபால்காரர்கள் திணறிப்போன பிறகு வந்த அட்டை இது. மாமனார் போட்ட ஏழெட்டு கார்டும் அந்த மூட்டைகளுக்குள் எங்கோ கிடந்திருக்கும், அதில் அவருக்கு இன்னும் பெருமை!

சரி, கணக்கு. பரிசு 20,000 ரூபாய் ஃபிரிட்ஜ், வந்து சேர்வது ஒரு லட்சம் அட்டை என்றால் ஓர் அட்டையின் மதிப்பு 20 பைசா. செலவு 10 ரூபாய். அதுவே ஒரு சின்னப் பத்திரிகையின் குறுக்கெழுத்துக்கு 40 பேர் மட்டும் சரியாக எழுதி, 250 ரூபாய் புத்தகம் இரண்டு பேருக்கு என்றால் ஓர் அட்டைக்குப் பன்னிரண்டரை ரூபாய் தேறுகிறது. ஆக, மூளையைக் கசக்க வேண்டிய போட்டிக்கு எழுதலாம், நடிகர் பெயரைக் கேட்கும் போட்டியை விட்டுவிடலாம். மாமனார் இதை ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்கு ஃபிரிட்ஜ்தான் வேண்டும்.

அட்டையோடு போனால் பரவாயில்லை. ஒன்பது கட்டம், எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வர வேண்டும் என்று ஒரு விளம்பரம் வருமே, நடுவில் 5 போட்டால் பாதி வேலை முடிந்தது, பள்ளிக்கூடப் பிள்ளையே போடும். அதற்கு அனுப்பினார். பத்தாம் நாள் 'முதல் பரிசு உங்களுக்கே' என்று கடிதம், பின்னாலேயே 1,850 ரூபாய்க்கு வி.பி.பி. பார்சல், அதாவது தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் பார்சல். வி.பி.பி.யில் காசைக் கொடுத்த பிறகுதான் பிரிக்க முடியும். பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் கைக்கடிகாரம், அதுவும் ஓடவில்லை. பரிசுக்கு எதற்குப் பணம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் அன்று வீட்டில் இல்லை.

நிஜமாகவே பெரிய பரிசு விழுந்தாலும் 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கார் விழுந்தால் வரியைக் கட்டிய பிறகுதான் சாவி கைக்கு வரும்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. பரிசுத் திட்டம் நடத்திவிட்டு முடிவைப் பங்கேற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எந்தப் பத்திரிகையில் விளம்பரம் வந்ததோ அதிலேயே பளிச்சென்று முடிவைப் போட்டால் தெரிவித்த மாதிரிதான். பிறகு ஏன் உங்கள் பக்கங்களில் போட்டி விளம்பரம் மட்டும் அரைப் பக்கத்துக்கு வருகிறது, முடிவு கண்ணில் படுவதே இல்லை? முடிவை வெளியிடாதவர்களின் அடுத்த விளம்பரத்தை வாங்காதீர்கள்.

மாமனார் தீபாவளிப் போட்டிக்கு நான்கு அட்டை அனுப்பியிருக்கிறார். முடிவு எந்தத் தேதி வரும் என்று தினமும் பேப்பரை முதலில் அவர்தான் எடுக்கிறார்.

ஒரு வாசகி,
காரைக்குடி