எந்த சைக்கிள் என்று கேட்டிருந்தாய்

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்குச் சோம்பல் காரணமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வண்டியை மண்ணில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இன்று காலை ஓட்டினேன், அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். மகளுக்கு செமஸ்டர் முடிந்து நாள் முழுக்கத் தூக்கம். என் முழங்கால் வலி போன மாதத்தோடு போயிற்று. மருந்து ஒன்றும் இல்லை, சீட்டை ஒன்றரை இன்ச் ஏற்றினேன். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று இத்தனை வருடம் இறக்கி வைத்தே ஓட்டியிருக்கிறேன். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் கணக்காம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ எழுதியதையே திருப்பிச் சொல்கிறேன், கேள். வீட்டிலிருந்து ஆபீஸ் 9 கிலோமீட்டர். போக வர 18, வாரத்துக்கு ஐந்து நாள், ஆக 90. ஞாயிற்றுக்கிழமை மதுரை நாகமலை அடிவாரம், கீழக்குயில்குடிப் பக்கம் மண் பாதை, மிஞ்சிப்போனால் 15. அந்தப் பதினைந்துக்காக முன்னால் ஷாக், அதாவது குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங், வைத்த 29 இன்ச் மவுண்டன் பைக் வாங்கி, தொண்ணூறையும் அதிலேயே மிதிக்கப் போகிறாயா?

இந்தத் தப்பை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன், நீயும் செய்ய வேண்டாம். நான் முதலில் வாங்கியதில் முன்னும் பின்னும் ஷாக். பார்க்க மிரட்டலாக இருக்கும், விலை சல்லிசு, எடை 18 கிலோ. அவிநாசி ரோட்டில் சிக்னல் விழுந்ததும் எழுந்து நின்று மிதித்தால், என் பலத்தில் பாதி ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். கட்டி கட்டியாகப் பல் வைத்த டயர் தார் ரோட்டில் வண்டு மாதிரி ரீங்காரமிடும். எட்டாவது மாதம் பின் ஷாக்கில் புஷ் தேய்ந்து கிறீச் கிறீச் என்று ஆரம்பித்தது. மச்சான் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் அதில் ஒற்றைச் சக்கரத்தில் போகிறான், சந்தோஷமாக இருக்கிறான்.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் நல்ல ஷாக் இருந்தால் நான் குறை சொல்லவில்லை. தார் ரோட்டில் அதை அமுங்காமல் பூட்டி வைக்கும் லாக் அவுட்டோடு வருவது உண்டு. நீலகிரியில் கல்லும் வேருமாக இருக்கும் இறக்கத்தில் வேகமாக இறங்குகிறவனுக்கு அது இல்லாமல் ஆகாது. ஆனால் உன் மண் பாதையில் ஆட்டுக்காரர்கள் டி.வி.எஸ். 50-இல் போகிறார்கள், மாப்ள.

மவுண்டன் பைக் தனி ஜாதி என்று எழுதியிருந்தாய். அதன் பிறப்பைக் கேட்டால் சிரிப்பாய். கலிஃபோர்னியாவில் டமால்பையஸ் மலைப் பக்கம் ஒரு இளைஞர் கூட்டம், 1930-களில் வந்த ஷ்வின் மாதிரியான பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மண் சாலையில் கீழே விட்டுக்கொண்டிருந்தது. கியர் கிடையாது, ஷாக் கிடையாது, தடித்த டயர் மட்டும் உண்டு. பெடலைப் பின்னால் மிதித்தால் பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். சுமார் 1,300 அடி இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே அந்த இறக்கத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். முதல் பந்தயம் 1976 அக்டோபரில் நடந்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம்தான். மலைக்கென்றே சட்டம் செய்து விற்கத் தொடங்கியது அதற்கப்புறம். அதாவது ஊருக்குள் ஓடிய வண்டிதான் மலை ஏறியது. உன் அப்பா அந்த 22 இன்ச் சட்டம் வைத்த ஹெர்குலிஸில் உரமூட்டையை ஏற்றிக்கொண்டு வரப்பு வழியாகப் போனாரே, அதையும் யாராவது படம் பிடித்திருக்கலாம்.

இப்போது நான் ஓட்டுவது ஹைப்ரிட், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான வண்டி. ஷாக் இல்லாத ஃபோர்க், கேரியர், மட்கார்டு, 40 மில்லிமீட்டர் டயர். எல்லாம் சேர்த்து 14 கிலோ வருகிறது. நான் கண்டவரை வித்தியாசம் எல்லாம் டயரிலும் அதில் இருக்கும் காற்றிலும்தான். என் 74 கிலோவுக்கு ரோட்டில் 50 பி.எஸ்.ஐ., மண் பாதைக்கு 35. பேரூர் தாண்டி மண்ணில் இறங்குகிற இடத்தில் நின்று கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டால் அதே வண்டி வேறு வண்டியாகிவிடும். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிற மாதிரி, கார் டியூபில் இருக்கும் வால்வாகவே கேட்டு வாங்கு. ஒல்லி வால்வு என்றால் அடாப்டர் தேடியே வாழ்க்கை போய்விடும்.

வளைந்த ஹேண்டில் வைத்து, மண் பாதையிலும் ஓடும்படி செய்த கிராவல் பைக்கும் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் வாங்கி ஓட்டினேன். சிறுவாணி ரோட்டில் பறந்தது. டவுன் நெரிசலில் குனிந்தபடி பிரேக்கைத் தேடுவது எனக்கு ஒத்துவரவில்லை, விலையும் ஒத்துவரவில்லை.

டயர் வாங்கும்போது ஒன்றைக் கவனி, எனக்கு ஏற்பட்ட அவமானம் இது. என் டயரில் 28 x 1.50 என்று போட்டிருக்கிறது. ஒரு கடையில் அதையே சொல்லிக் கேட்டேன், 28 x 1½ கொடுத்தார்கள். ஒன்றரை ஒன்றரைதானே! கையாலேயே ஏறியது, எனக்கு ஒரே பெருமை. பம்ப் 30-ஐத் தாண்டியதும் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து டியூப் வெடித்ததில் பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து எழுந்துவிட்டார். புள்ளி போட்ட ஒன்றரைக்கு ரிம்மில் உட்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர், பின்னத்தில் எழுதிய ஒன்றரைக்கு 635. இன்ச்சை நம்பாதே, டயர் ஓரத்தில் பொடி எழுத்தில் 40-622 என்று இருக்கும், அதைப் பார். நீ சொல்லும் 29 இன்ச் வண்டிக்கும் அதே 622-தான் என்பது இன்னொரு வேடிக்கை.

இன்றைய கூத்து இதுதான். முந்தாநாள் இங்கே நல்ல மழை. சூலூர் தாண்டி ஒரு காட்டுப் பாதையில் இறங்கினேன். நானூறு மீட்டர்கூடப் போகவில்லை. கரிசல் மண் டயரோடு சுருண்டு மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. திருமங்கலம் கரிசலில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் நின்று பார்த்தார். “மழ பேஞ்சா நாங்களே காட்டுக்குள்ள சைக்கிள கொண்டார மாட்டமுங்க தம்பி.” வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு வந்தேன். 14 கிலோ வண்டி மண்ணோடு 20 இருந்திருக்கும். ஆகவே நீ வாங்கும் வண்டியில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று பார். டிஸ்க் பிரேக் என்றால் கேபிளில் இயங்குவதே போதும், தெருமுனைக் கடையிலேயே சரிசெய்யலாம். நெருஞ்சி முள்ளுக்குப் பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயர் கேள். அமெரிக்காவில் அந்தச் செடிக்குப் பெயரே பஞ்சர் கொடிதானாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதே, சேர்ந்து போய்ப் பார்ப்போம். அப்புறம், நாம் குரங்குப் பெடல் போட்ட அப்பாவின் ஹெர்குலிஸ் இன்னும் மாட்டுக்கொட்டகையில்தானே கிடக்கிறது? அந்த 28 x 1½ டயரைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு அச்சாகப் பொருந்தும், கொண்டுவருகிறேன். டியூபுக்கு மட்டும் சொல்லி வை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை