கடையை ஓடுகிறாரா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து கோயில் வரை நடந்துபோய் வருகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே இவளுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் ஒரு வாரம் விட வேண்டும்.

சரி, உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். "ரன் என்றால் ஓடு என்றாயே தாத்தா, அப்போ 'ஹி ரன்ஸ் எ ஷாப்' என்றால் கடையை ஓடுகிறாரா?" என்று கேட்டானாமே. அருமையான கேள்வி. அவனை அதட்டிவிடாதே.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல்லாக இருந்தது 'செட்'. பிறகு 'ரன்' பகுதியைத் திருத்தி எழுதியபோது அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் தேறியது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் இருந்தார். காலால் ஓடியது போதாதென்று ரயில், மோட்டார், கணினி என்று வந்ததெல்லாம் அந்தச் சொல்லிலேயே ஏறிக்கொண்டன.

நம் 'ஓடு' மட்டும் என்னவாம்? ஃபேன் ஓடுகிறது, ஆட்டோ மீட்டர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. இந்த இடங்களில் இரண்டு மொழியும் கைகோத்துப் போகின்றன. ஆனால் 'கை ஓடவில்லை, கால் ஓடவில்லை' என்று நாம் தவிப்பதை 'ரன்' போட்டுச் சொல்ல முடியாது. அங்கே மூக்கு 'ரன்' ஆனால் இங்கே ஒழுகுகிறது. துணிச்சாயம் 'ரன்' ஆனால் இங்கே சாயம் போகிறது. சர்க்கரை 'ரன் அவுட்' ஆனால் நமக்குத் தீர்ந்துபோகிறது. கடையை அவர்கள் 'ரன்' செய்கிறார்கள், நாம் நடத்துகிறோம். நடத்து என்பது நடக்க வைப்பதுதானே! அவர்கள் ஓடும் இடத்தில் நாம் நடக்கிறோம். எனக்கு ரொம்பப் பிடித்தது தேர்தல். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' பண்ணுகிறார். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்', அதாவது நிற்கிறார். நாமும் தேர்தலில் நிற்கிறார் என்றுதான் சொல்கிறோம்.

அதனால் தனிச் சொல்லாக அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லாதே. ஷாப்போடு, வாட்டரோடு, பஸ்ஸோடு என்று கூட வரும் சொல்லையும் சேர்த்தே படிக்கட்டும். எதிரே 'இதை நம் வீட்டில் எப்படிச் சொல்வோம்' என்று அவனே தமிழில் எழுதட்டும். வகுப்பில் இத்தனை வருஷம் இருந்தும் இதை நான் பிந்தித்தான் கண்டுகொண்டேன். என் முதல் மாணவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று இன்னும் வருத்தம் உண்டு.

அப்புறம், ரன், ரேன், ரன் என்று மூன்று வடிவமும் அவனுக்குத் தெரியுமா என்று பார். நடுவில் வரும் 'ரேன்' பல பிள்ளைகளுக்கு நழுவிவிடும். அவன் எழுதும் வாக்கியங்களை அடுத்த கடிதத்தோடு சேர்த்து அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்