திரை மூலையில் ஒரு முத்திரை

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை. சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தால் டிஷ்ஷில் சிக்னல் போய்விடும், அப்புறம் மழை ஓய்ந்தால்தான் படம்.

டிவிக்காரன் ஏன் நிகழ்ச்சி நெடுக லோகோவை மூலையில் ஒட்டியே வைத்திருக்கிறான், தோட்டத்துக் கோயில் திருவிழா நேரலையில் நாமும் ஒன்று போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடலாம். முதலில் அவன் ஏன் போடுகிறான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காரணம் பழையது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க முன்பு பல நாடுகளில் வீடுவீடாக நோட்டுப் புத்தகம் கொடுத்து எழுதச் சொன்னார்கள். படத்தின் பெயர் ஞாபகம் இருக்கும், சேனல் பெயர் மறந்துபோகும். மறந்தால் அந்த சேனலுக்கு விளம்பரக் காசு நஷ்டம். இப்போது கருவியே கணக்கெடுப்பதால் இந்தக் காரணம் வலுவிழந்துவிட்டது. ஆனாலும் எவனும் லோகோவை எடுக்கவில்லை.

இன்னொன்று திருட்டு. கல்யாணத்துக்கு இரவல் போகும் அண்டாவில் பேர் வெட்டி வைக்கிறோமே, அதேதான். பேர் வெட்டினால் திருட்டு நிற்காது, யாருடையது என்பது தெரியும். திருடுகிறவன் ஓரத்தை வெட்டுவான், படத்தை இடம் வலமாகத் திருப்புவான், அல்லது சுற்றியுள்ள புள்ளிகளை (பிக்சல்) வைத்து லோகோ இருந்த இடத்தை நிரப்பும் மென்பொருளைப் போடுவான். அங்கே ஒரு கலங்கல் திட்டு அசையாமல் நிற்கும், கவனித்துப் பார். ஆளைப் பிடிக்க உதவுவது வேறு: கட்டண சேனலில் சில நேரம் ஓர் எண் மின்னி மறையும். அது பார்ப்பவர் வீட்டு டிவி பெட்டிக்கோ அதிலுள்ள கார்டுக்கோ உரிய எண்.

விளம்பரம் வந்தால் பெரும்பாலும் லோகோ மறைந்துவிடும், அந்த நேரம் காசு கொடுத்தவனுடையது என்பதால். இதில் ஒரு வேடிக்கை: பதிவு செய்த நிகழ்ச்சியிலிருந்து விளம்பரத்தை வெட்டும் மென்பொருள்கள் லோகோ இல்லாத பகுதியைத்தான் முக்கியமான அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன!

லோகோவைக் கடைசிக் கட்டத்தில்தான், ஒளிபரப்புக்கு வெளியேறும் இடத்தில், சேர்க்கிறார்கள். நூலகத்தில் இருக்கும் பிரதி சுத்தமாக இருக்கும். உனக்கு இதுதான் முக்கியம். நேரலை விடும் ஓபிஎஸ் மென்பொருளில் பதிவு செய்தால் லோகோவும் சேர்ந்தே பதிவாகும், பிறகு எடுக்க முடியாது. கேமரா கார்டிலும் தனியாக ஒரு பதிவு ஓடட்டும்.

படத்தை பிஎன்ஜி கோப்பாகச் செய், பின்னணி இல்லாமல். ஜேபெக் வேண்டாம், வெள்ளைக் கட்டமாக வந்து நிற்கும். 1920க்கு 1080 திரையில் உயரம் 100 புள்ளி போதும். வலது மேல் மூலையில், பக்கத்திலிருந்து 96 புள்ளி, மேலிருந்து 54 புள்ளி உள்ளே தள்ளி வை. இது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 95 பரிந்துரை சொல்லும் 5 விழுக்காடு. பழைய டிவிகள் ஓரத்தை விழுங்கிவிடும். இடது மேல் பக்கம் வேண்டாம், ஃபேஸ்புக்கில் நேரலை முத்திரை அங்கேதான் உட்காரும். கீழே உபயதாரர் பெயர் ஓடும்.

கோபுரத்தை நுணுக்கமாக வரைந்து லோகோ ஆக்காதே. இணையம் மெலிந்து படத்தின் உயரத்தை 1080லிருந்து 720 புள்ளிக்கு இறக்கினால் 3 புள்ளிக் கோடு 2 ஆகிவிடும், 1 புள்ளிக் கோடு மங்கிப்போகும். எழுத்தைச் சுற்றி எறும்பு மொய்ப்பதுபோலப் புள்ளிகளும் வரும். தடித்த கோடு, இரண்டு எழுத்து, போதும். ஓபிஎஸ்ஸில் ஃபில்டர்ஸ் போய் கலர் கரெக்‌ஷனில் ஒபாசிட்டியை 0.6க்கு (60 விழுக்காடு) இறக்கு, லோகோ பாதி ஊடுருவித் தெரியும். வெள்ளை வேட்டிக் கூட்டத்தில் வெள்ளை லோகோ கரையும், அதனால் மெல்லிய கருநிழல் கொடு.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஓபிஎஸ்ஸில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு சீன் (காட்சி அமைப்பு) இருக்கும்; ஒரு சீனில் மட்டும் லோகோவை வைத்துவிட்டு, கேமரா மாற்றியதும் காணோம் என்பார்கள். ஒவ்வொரு சீனிலும் அதே லோகோ சோர்ஸை ஒட்டி, பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே வை.

மண்டபத்து டிவியில் செய்தி சேனல் லோகோவின் நிழல் தங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். ஓஎல்இடி என்றால் நம்பலாம்: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தேய்கிறது, லோகோ இடம் அதிகம் தேய்கிறது. வெளிறிய, ஒளி ஊடுருவும் லோகோக்கள் திரைக்குக் கெடுதல் குறைவு. திரை முழுக்க வெறும் சாம்பல் நிறம் போட்டுப் பார். வேறு படங்கள் சில மணி நேரம் ஓடியும் நிழல் போகவில்லை என்றால் அது நிரந்தரம். ரிமோட்டில் அணைத்த பிறகுதான் டிவி தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே மின்னல் நாள் தவிர மற்ற நாளில் பிளக்கைப் பிடுங்க வேண்டாம் என்று கோயில் பையன்களிடம் சொல்லிவை.

லோகோ தயாரானதும் ஒரு நிமிடச் சோதனைப் பதிவை அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி