மீனுவுக்கு, 149 பற்றி

திருவான்மியூர்
ஞாயிறு

அன்புள்ள மீனு,

வேப்பம்பூ பார்சல் வந்து சேர்ந்ததா? இந்த வருஷம் பூ நன்றாகக் கொட்டியது. மொட்டை மாடியில் உன் பழைய ஒயர் கட்டிலில் காய வைத்தேன். பாதியைக் காற்று எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டது. ரசத்துக்குப் போடும்போது நெய்யில் கருக வறு. பொன்னிறத்தில் இறக்கினால் கசப்புதான் மிஞ்சும்.

ஐந்து ஞாயிறாகப் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். போன வாரம் சுந்தர் வந்தான். உன்னைப் பற்றி ஏதோ ஆரம்பித்தவன், அப்பா உள்ளே வந்ததும் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ராத்திரி லேபில் தனியாக இருக்காதே.

அத்தை இன்னமும் மருந்தீஸ்வரர் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க மீனு ஜெர்மனியில செடியிலேர்ந்து மருந்து எடுக்கிறா" என்று சொல்கிறாள். நான் திருத்துவதில்லை, எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ எங்களிடம் "போகுதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அம்மாவுக்கு என்ன புரியும் என்றா? நானும் கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பிச் சாறு பிரித்து மூன்று வருஷம் 'காலம்' (column) ஓட்டியவள்தான், அப்பா அதை எப்படிக் கிண்டல் செய்தாலும்.

வேம்பையே எடுத்துக்கொள். அதன் விதையில் இருக்கும் அசாடிராக்டின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தது 1968-ல். அதன் அமைப்பு சரியாகப் பிடிபட 1985 ஆனது. நடுவில் பெரிய ஆட்களே தப்பாக வரைந்தார்கள். லேபில் முழுதாகச் செய்து முடித்தது 2007-ல், அதற்கு மட்டும் 22 வருஷம். இதெல்லாம் நீ எனக்குச் சொன்னதுதான். உனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல வந்தது வேறு. நீ வயிற்றில் வந்ததால்தான் பிஎச்டியை விட்டேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உனக்கு மார்க் குறைந்தபோதெல்லாம் சொன்னேன். அது பொய் மீனு.

என் ஆராய்ச்சிக்கு எடுத்தது நஞ்சறுப்பான் மூலிகை வேர், எட்டு கிலோ. ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் கலப்படம் இருக்குமோ என்று ஆள் வைத்துத் தோண்டியது. நிழலில் உலர்த்தி, இடித்து, ஹெக்சேன் என்ற சால்வென்ட்டில் (கரைப்பான்) ஊறப்போட்டு, 'காலத்துக்கு' மேல் 'காலம்' போட்டு, கடைசியில் துளி எண்ணெய், நிறமே இல்லாமல். கலப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டிஎல்சி தகட்டில் ஒரே புள்ளி. எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சேர்மம் என்று ஊருக்கே சொல்லியாயிற்று. பாட்டி பாயசம் வைத்தாள்.

லக்னோவிலிருந்து மாஸ் ஸ்பெக்ட்ரம், மூலக்கூறையும் அதன் துண்டுகளையும் எடை போட்டுக் காட்டும் வரைபடம், வந்தது. 149-ல் ஒரு கோடு, மற்ற எதுவும் அதன் தோளுக்கு வரவில்லை. நீயாக இருந்தால் பார்த்ததுமே சிரித்திருப்பாய். தாலேட், பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்ப்பது. கேனிலிருந்து ஹெக்சேன் இறக்க நான் மாட்டியிருந்த பிளாஸ்டிக் டியூபிலிருந்து கரைந்து வந்தது. இரண்டு வருஷமாக நான் பிரித்தெடுத்தது வேரை அல்ல, டியூபை.

என் கைடு சார் திட்டவில்லை. "சால்வென்ட்டை வடிச்சு எடுத்துக்கோ, எல்லாம் கண்ணாடியிலேயே மறுபடி பண்ணும்மா, ஆறு மாசம்" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது நீ நான்கு மாதம். நல்ல சாக்காகக் கிடைத்தாய். சார் மூன்று கடிதம் போட்டார், ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. மீதி வேர் பச்சை டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஒருநாள் நீ அதை எடுத்துச் சொப்புச் சாமானில் சமைத்தாய் என்று அடித்தேனே, அந்த வேர்தான்.

அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. ராத்திரி மட்டும் லேபில் தனியாக இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

இது எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. ஞாயிறு சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை அவர் பீச்சில் நடப்பார். உனக்கு அப்போது மத்தியானம்.

அம்மா