இட்சன் ஆற்றங்கரை மில்

சவுத்தாம்ப்டன்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா அனுப்பிய வத்தல் கிடைத்தது. பாதி நொறுங்கிவிட்டது, குழம்புக்குத்தானே, பரவாயில்லை.

மேட்டூர் திறந்தாச்சு என்று தம்பி சொன்னான். குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டதா?

போன வாரம் வின்செஸ்டர் போனேன். ரயிலில் இருபது நிமிஷம்தான். அங்கே இட்சன் என்று ஓர் ஆறு. குடமுருட்டியில் பாதி அகலம்கூடத் தேறாது. அதன் மேலேயே தண்ணீரால் ஓடும் மாவு மில் ஒன்று இருக்கிறது. 1743-இல் புதுப்பித்துக் கட்டியதாம். 1928-இல் இடிபட இருந்ததைச் சிலர் பணம் போட்டு வாங்கி, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நடுவில் பல வருஷம் இளைஞர் விடுதியாக இருந்து, 2004-இலிருந்து மறுபடி கோதுமை அரைத்தார்கள்.

மதகைத் தூக்கியதும் உங்கள் நினைப்புதான் வந்தது. முப்பது வருஷம் லஸ்கராக ஷட்டர் சுற்றிய கையாயிற்றே! சக்கரம் முதலில் முனகியது, அப்புறம் காலடியில் பலகையெல்லாம் அதிர்ந்தது. உள்ளே நம் திரிகையேதான்: கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும், நடுக்குழியில் கோதுமை விழும். நம் திரிகையைவிடப் பல மடங்கு பெரிய கல். வரி தேய்ந்தால் உளியால் கொத்த வேண்டுமாம். "அம்மி கொத்தலையோ" என்று இங்கேயும் யாராவது தெருவில் கூவியிருப்பாரோ என்னவோ! விழுந்த மாவைத் தொட்டேன், நம் மில் மாவு மாதிரியே இளஞ்சூடு.

நம் பக்கம் ஏன் இப்படி ஒன்று இல்லை என்று வழியெல்லாம் யோசித்தேன். இட்சன் சுண்ணாம்புப் பாறை ஊற்று ஆறு, வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக ஓடும், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். நம் ஆறோ தை மாதத்துக்கு அப்புறம் மணல். வருகிற தண்ணீரும் முறை வைத்து வயலுக்கே போதவில்லை, இதில் சக்கரத்துக்கு எங்கே கொடுப்பது? சமமான பூமி வேறு. நெல்லுக்கு உரலும் உலக்கையும் போதும் என்று விட்டிருப்பார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் ராத்திரியில் ஷட்டரைப் பார்க்கப் போகிறீர்களாம். கரையில் புல் மண்டிக் கிடக்கும். டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

அன்புடன்,
செல்வி