திங்கட்கிழமைக்கு முதல் வாசி

அன்பின் மச்சான்,

ஆறு மாசமாப் பதில் இல்லை எண்டு ஏசு, வாங்கிக்கொள்ளுறன். இங்க எல்லாரும் சுகம். இப்ப அவசரமா எழுத வைச்சது நீ அனுப்பின படம்தான். ஸ்காபரோ வீட்டில சீலிங்கைக் கழட்டிப்போட்டு, "திங்கட்கிழமை பிளம்பர் வாறார், ரெண்டு அங்குலக் குழாய் ஜொயிஸ்டுக்குக் குறுக்கால போகுது" எண்டு ஒரு வரி. நித்திரை போச்சு.

உன்ர ஜொயிஸ்ட், அதுதான் மேல் தளத்தைத் தாங்கிற மரத் தீராந்தி, டூ பை டென், ரெண்டுக்குப் பத்து அங்குலம். பேர்தான் பத்து, அளந்தால் 9¼ அங்குலம், அதாவது 235 மில்லிமீற்றர். உங்கட ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி துளை அந்த உயரத்தில நாலில ஒண்டுக்கு மேல போகக்கூடாது. வாத்தியார் உன்ர காதைத் திருகினதும் இந்தக் கணக்குக்குத்தான்: 58 மில்லிமீற்றர் சொச்சம். ரெண்டு அங்குலம் எண்டு சொல்லுறது குழாயின்ர உள் அளவு. ஏபிஎஸ் எண்டுற பிளாஸ்டிக் கழிவுக் குழாய்க்கு வெளி விட்டம் 60 மில்லிமீற்றர். ஒன்றரை மில்லிமீற்றரால தோத்துப்போனாய். பிளம்பர் அதுக்கு ட்ரில்லில போடுற பிற், துளைக்கிற அலகு, 2 9/16 அங்குலம், 65 மில்லிமீற்றர். நீ பார்த்த வீடியோவில மூண்டில ஒண்டு எண்டு சொன்னது பொய்யில்லை, அது அமெரிக்கச் சட்டம். இன்ஸ்பெக்டருக்கு அதைப் போட்டுக் காட்டிப்போடாதை.

ஒன்றரை அங்குலக் குழாய்க்கு வெளி விட்டம் 48 மில்லிமீற்றர். 2⅛ அங்குலத் துளைக்குள்ள சுகமாப் போகும், குளிக்கிற தொட்டிக்கு அது காணும். கொமோட்டின்ர மூண்டு அங்குலக் குழாயை ஜொயிஸ்டுகளுக்கு இடையில, அதுகள் ஓடுற திசையிலயே கொண்டுபோறதை விட்டால் வேற வழி இல்லை.

மேல் விளிம்பிலயும் கீழ் விளிம்பிலயும் ரெண்டு ரெண்டு அங்குலம் தொடக்கூடாது. மிச்சம் 5¼. தண்ணி ஓட அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேணும், அப்ப 16 அங்குலத்துக்கு ஒரு ஜொயிஸ்ட் எண்டால் ஒவ்வொரு துளையும் முந்தினதைவிட மூண்டில ஒரு அங்குலம் கீழ. அந்த 5¼ இல துளையே 2⅛ எடுக்கும், பன்னிரண்டு அடி ஓடினால் மிச்சமும் முடிஞ்சுபோகும். முதல்ல நூல் பிடிச்சுக் கோடு போடச் சொல்லு, பேந்து துளைக்கட்டும். ரெண்டு ஜொயிஸ்டுக்கு நடுவில 14½ அங்குலம்தான், முழுக் குழாயைச் செருக ஏலாது. துண்டு துண்டா வெட்டி, பொருத்துற கப்ளிங் போடவேணும். அந்தச் சோம்பலில்தான் சில பேர் கீழ் விளிம்பில வெட்டிக் குழாயைத் தூக்கி வைக்கிறது.

மச்சான், அதை மட்டும் விடாதை. பாரம் ஏறேக்க தீராந்தியின்ர மேல் விளிம்பு நசியும், கீழ் விளிம்பு இழுபடும், நடுவில ரெண்டும் குறைவு. அதாலதான் துளை நடுவில. கீழ வெட்டினால் வெட்டின மூலையில இருந்து நார் வழிய வெடிப்பு ஓடும். முதல் நாளே தெரியாது. தொட்டி நிறையத் தண்ணி, அதுக்குள்ள ஒரு ஆள், பிறகுதான் தெரியும். கட்டையன்ர குசினி ஞாபகம் இருக்கே? வெட்டுறது எண்டால் மேல் விளிம்பில மட்டும், முட்டுக் குடுத்த இடத்தில இருந்து நாலரை அங்குலத்துக்குள்ள, மூண்டில ஒண்டு ஆழத்துக்கு மேல இல்லை.

கரண்ட் வயருக்கு முக்கால் அங்குலத் துளை. சுவருக்குள்ள நிக்கிற டூ பை ஃபோர் கட்டையில சரி நடுவில போட்டால் ரெண்டு பக்கமும் 35 மில்லிமீற்றர் மிஞ்சும், சட்டம் கேட்கிறது 32. கொஞ்சம் விலகினால் இரும்புத் தகடு அடி, இல்லாட்டி நாளைக்கு நீ படம் மாட்ட அடிக்கிற ஆணி வயருக்குள்ள போகும்.

வளைகழுத்து ட்ரில் இல்லாமல் துவங்க விடாதை. சாதாரண ட்ரில்லைச் சரிச்சுப் பிடிச்சால் துளை முட்டை வடிவமாப் பெருத்து, நாலில ஒண்டைத் தாண்டும். பிற் ஆணியில மாட்டினால் மணிக்கட்டு திரும்பிப்போகும், பக்கக் கைப்பிடியைக் கழட்டக்கூடாது.

பின்பக்கம் பிறகு கட்டின பகுதியில தெரியிறது ஐ-ஜொயிஸ்ட், ஆங்கில I எழுத்து மாதிரி மேலயும் கீழயும் பட்டி, நடுவில மெல்லிய பலகை வைச்சுக் கம்பனி செய்யிற தீராந்தி. அங்க நான் சொன்ன கணக்கு ஒண்டும் செல்லாது. மேல் கீழ் பட்டியில கத்தி படவே கூடாது, துளை நடுப் பலகையில மட்டும், அளவும் இடமும் கம்பனி அட்டவணைப்படி. பக்கத்தில அச்சடிச்சிருக்கிற பேரைப் படம் எடுத்து இண்டைக்கே அனுப்பு.

அம்மாவின்ர முழங்கால் எப்பிடி?

உன்ர,
பழைய பெஞ்சுக்காரன்