ஸ்டீவ் போல்டுக்கு ஒரு கடிதம்: கடைசிக்கு முந்தைய தொடுதல்

மதிப்பிற்குரிய ஸ்டீவ் போல்ட் அவர்களுக்கு,

வணக்கம். 1998 மே 3 அன்று ஹைபரி மைதானத்தில் எவர்ட்டன் அணிக்கு எதிராக, நீங்கள் ஆடிய லண்டன் கால்பந்துக் கழகமான ஆர்சனல் அடித்த நான்காவது கோலை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. லீக் பட்டம் கைக்கு வந்துவிட்ட ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், அணித்தலைவரும் தடுப்பாட்டக்காரருமான டோனி ஆடம்ஸ் எதிரணியின் பின்வரிசையைக் கடந்து ஓடி, பந்தை மார்பில் வாங்கி, இடது காலால் வலைக்குள் அடித்துவிட்டு இரு கைகளையும் விரித்து நின்றார். அந்த நிலையிலேயே அவருக்குச் சிலை செய்து ஆர்சனலின் இன்றைய எமிரேட்ஸ் மைதானத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். ஆடம்ஸின் தலைக்கு மேலாக அந்தப் பந்தை உயர்த்திப் போட்டவர் நீங்கள். நீங்களும் ஒரு தடுப்பாட்டக்காரர்தான். சிலையில் பந்து போட்டவருக்கு இடம் இருக்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்கள் வாழ்க்கையை முழுதாகப் பார்க்கும்போது, பெரும்பாலான இடங்களில் உங்களுடையது கடைசிக்கு முந்தைய தொடுதலாகவே இருந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கார்னரையே, அதாவது களத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதையையே, எடுத்துக்கொள்ளலாம். 1988-இல் ஸ்டோக் சிட்டியிலிருந்து நீங்கள் ஆர்சனலுக்கு வந்த காலத்தில், சக வீரர் பிரையன் மார்வுட் கார்னரை அருகிலுள்ள கோல் கம்பத்தை நோக்கி அடிப்பார். நீங்கள் முன்னால் ஓடிவந்து எழும்பி, தலையின் உச்சியால் பந்தை லேசாக உரசிப் பின்பக்கம் திருப்பிவிடுவீர்கள். அது போய் விழும் இடத்தில் ஆடம்ஸோ முன்கள வீரர் ஆலன் ஸ்மித்தோ காத்திருப்பார்கள். வருவது இன்னதென்று எதிரணிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தும் தடுக்க முடியாமல் திணறின என்பதுதான் எனக்கு வியப்பு. பந்து எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் காற்றில் இருக்கும் அரைக்கணத்தில் நெற்றியும் கழுத்தும் தீர்மானித்தாக வேண்டும். கோல் கணக்கில் அந்த உரசல் உங்கள் பெயரில் ஏறுவதில்லை.

1989 மே 26 அன்று, இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பட்டம் என்ற நிலையில், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் அன்றைய பயிற்சியாளர் ஜார்ஜ் கிரஹாம் மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களை இறக்கினார்: ஆடம்ஸ், டேவிட் ஓலியரி, நீங்கள். இன்னொரு கோல் தேவைப்பட்டபோது 76-ஆவது நிமிடத்தில் உங்களை வெளியே அழைத்து ஒரு முன்கள வீரரை அனுப்பினார். மைக்கேல் தாமஸ் ஆட்டத்தின் கடைசிக் கணங்களில் கோல் அடித்துப் பட்டத்தை வென்று கொடுத்தபோது நீங்கள் களத்திற்கு வெளியே இருந்தீர்கள்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை உங்கள் பருவம் 1990–91. முப்பத்தெட்டு லீக் ஆட்டங்களில் ஆர்சனல் ஒரே ஒரு தோல்வியைத்தான் கண்டது. வாங்கிய கோல்கள் 18. சிறைத் தண்டனையால் ஆடம்ஸ் ஏறத்தாழ இரண்டு மாதம் ஆடவில்லை. லீ டிக்சன், நைஜல் விண்டர்பர்ன், ஆடம்ஸ், நீங்கள் என்று நால்வரும் ஒரே கோட்டில் முன்னேறி, எதிரணி வீரர் தங்களுக்குப் பின்னால் விதிமீறி நிற்கிறார் என்று கைகளை உயர்த்தி ஆஃப்சைடு கேட்கும் காட்சியைச் சலிப்பான ஆட்டம் என்று எழுதியவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் ஓர் அடி தாமதித்தாலும் குலைந்துவிடும் அந்தக் கோட்டில், தலைவன் இல்லாத வாரங்களிலும் ஓட்டை விழாமல் நின்ற உங்கள் ஆட்டத்தை, கோல்களின் தொகுப்பைப் பார்ப்பதைப் போன்ற ஆவலோடு பார்க்கிறேன். 1994-இல் கோபன்ஹேகனில் நடந்த ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை இறுதியில், இத்தாலியின் பார்மா அணியின் ஸோலாவும் அஸ்பிரியாவும் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் திரும்பிய இரவும் அப்படியே. அதே மாதம், 31 வயதில், இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம் ஆடினீர்கள். மொத்தம் இரண்டே ஆட்டங்கள். இது குறைவு என்று அன்றும் பலர் நினைத்தார்கள்; நான் இன்றும் நினைக்கிறேன்.

கால் பெருவிரல் மூட்டுவாதத்தால் 2000-இல் சண்டர்லாந்தில் ஆட்டத்தை நிறுத்திய நீங்கள், அடுத்த ஆண்டே ஆர்சனலின் இளையோருக்குப் பயிற்சி தரத் திரும்பினீர்கள். 2009-இல் நீங்கள் பயிற்றுவித்த இளைஞர்கள் இங்கிலாந்தின் இளையோர் எஃப்.ஏ. கோப்பையின் இறுதியில் லிவர்பூலை இரு ஆட்டங்களிலும் வென்றார்கள். ஜாக் வில்ஷேர் அந்த அணியில் இருந்தவர். பின்னர் 2012-இல், தாமும் ஒரு காலத்தில் தடுப்பாட்டக்காரராக இருந்த பாட் ரைஸ் ஓய்வுபெற, தலைமைப் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கரின் துணைப் பயிற்சியாளர் ஆனீர்கள். அந்தப் பருவத்தின் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் ஆர்சனல் கோலே வாங்கவில்லை. உடனே எல்லாப் புகழும் உங்களுக்கு வந்தது. 2014 மார்ச்சில், வெங்கரின் ஆயிரமாவது ஆட்டத்தில், செல்சியிடம் 6–0 என்று தோற்றபோது, "போல்ட் என்ன செய்துகொண்டிருக்கிறார்?" என்று அதே ரசிகர்கள் கேட்டார்கள். நானும் கேட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அது நியாயமற்ற கேள்வி என்று பிறகுதான் உணர்ந்தேன். பக்கத் தடுப்பாட்டக்காரர்கள் இருவரையும் முன்னே அனுப்பும் ஆட்டமுறையைத் தேர்ந்தெடுப்பதும், யாரை வாங்குவது என்று முடிவெடுப்பதும் தலைமைப் பயிற்சியாளரின் வேலை. அந்த முடிவுகளுக்குள் நின்றுகொண்டு, பயிற்சிக் களத்தில் இடைவெளிகளைச் சுருக்குவதுதான் துணைப் பயிற்சியாளருக்கு விடப்பட்டது. அதே 2013–14 பருவத்தில், அதிக ஆட்டங்களில் கோல் வாங்காத கோல்கீப்பருக்கான பரிசை உங்கள் ஷ்செஸ்னி, செல்சியின் செக்குடன் பகிர்ந்துகொண்டார். 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையும் வந்தது. வெங்கர் போன பின்னும், அவருக்குப் பின் வந்த உனாய் எமரியின் கீழ் ஓராண்டு பணியாற்றி, பிறகு 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குச் சென்று, 2021-இல் விடைபெற்றீர்கள். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சேர்த்து ஒரே கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல். மறு ஆண்டு பெல்ஜியத்தின் லோமல் அணிக்கு நீங்கள் தலைமைப் பயிற்சியாளரானபோது உங்களுக்கு வயது 59. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் மிகவும் மகிழ்ந்தேன்.

ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன். 1998-இன் அந்த மாலையில், ஆடம்ஸ் ஓடத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் பந்தை உயர்த்தினீர்களா, அல்லது பத்தாண்டுகள் அவர் பக்கத்திலேயே நின்ற பழக்கத்தில் அவர் ஓடுவார் என்று முன்பே தெரிந்திருந்ததா?

அன்புடன்,
உங்கள் ஆட்டத்தின் ரசிகன்